முதல் ஆர்.சி. விமானம்: கையை எடுத்தால் தானே நேராக வேண்டும்

ரிமோட்டால் பறக்கும் ஆர்.சி. விமானங்களில், கற்றுக்கொள்பவருக்கான ட்ரெயினரைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு நுனிகளும் நடுப்பகுதியைவிடச் சற்றுத் தூக்கி, முழுதாக விரிக்காத புத்தகம் போல இருக்கும். இந்தத் தூக்கலுக்கு டைஹீட்ரல் என்று பெயர். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் விமானம் அந்தப் பக்கமாகச் சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்கு மற்றதைவிட அதிகத் தூக்குவிசை கிடைத்து, விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும்.

கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. முதல் நாள் யாரும் அதை நம்புவதில்லை என்பதுதான் சிக்கல். விமானம் லேசாக ஆடினாலே கட்டைவிரல் பதறி ரிமோட்டின் ஸ்டிக்கை மூலைக்குத் தள்ளும். அதிகமாகிவிட்டதே என்று எதிர்ப்பக்கம் தள்ளும். மூன்றாவது தள்ளலுக்குள் தரை வந்துவிடும். கீழே வரும் எடை, சமநிலை, ட்ரிம் (விமானம் தானே நேராகப் போக ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) கணக்கெல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான்: நீங்கள் கையை எடுத்தால் விமானம் தானே நேராக வேண்டும்.

எதை வாங்குவது, எதைக் கட்டுவது

ஸ்பிட்ஃபயர் போர்விமானமும் ஜெட்டும் கடையில் அழகாகத்தான் இருக்கும். முதல் விமானமாக அவற்றை வாங்கினால் அந்த ஞாயிற்றுக்கிழமையே மூட்டை கட்டி எடுத்து வர வேண்டியிருக்கும். நுனிக்கு நுனி 1.1 முதல் 1.4 மீட்டர் இறக்கை, மேலே பொருத்தியது, ஃபோம் உடல்: இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். 80 செ.மீ. விமானம் விலை குறைவுதான், ஆனால் சின்னக் காற்றுக்கும் இலை மாதிரி ஆடும்.

தயாராகக் கிடைப்பதில் ஹாபிஸோன் ஏரோஸ்கவுட், ஈ-ஃப்ளைட் அப்ரென்டிஸ், வோலன்டெக்ஸ் ரேஞ்சர் போன்றவை நல்லவை. ஏரோஸ்கவுட், ரேஞ்சர் இரண்டிலும் மோட்டார் பின்னால் இருப்பதால் மூக்கில் விழுந்தாலும் ப்ராப் (ப்ரொப்பெல்லர்) தப்பிக்கும்.

கையால் கட்டுவதென்றால் 5 மி.மீ. ஃபோம் போர்டு போதும். கோரோ ஷீட் (நெளி பிளாஸ்டிக் அட்டை) உடையாது, ஆனால் கனம்; வாலுக்கு அதைப் போட்டால் மூக்கில் ஈயம் கட்ட வேண்டியிருக்கும். மற்ற சாமான்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஏ2212 1000 கேவி மோட்டார், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 1045 ப்ராப் (10 அங்குல விட்டம், 4.5 அங்குல பிட்ச்), 9 கிராம் சர்வோ (வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) மூன்றோ நான்கோ, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போல ஆறு சேனல் ரிமோட். 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலமுள்ள இறக்கைக்கு இத்தனையும் சேர்த்து 800 முதல் 900 கிராமுக்குள் நிற்க வேண்டும். 100 சதுர செ.மீ. இறக்கைக்கு 35 கிராம் பக்கம் வரும். அது 50-ஐத் தாண்டினால் விமானம் வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும். உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது.

மூன்று சேனல் விமானத்தில் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும், விமானத்தைச் சாய்க்கும் பலகை) கிடையாது, ரட்டரால்தான் (நிமிர்ந்த வாலில் அசையும் பலகை) திரும்பும். அதற்கு டைஹீட்ரல் நன்றாக வேண்டும். ஒவ்வொரு நுனிக்கு அடியிலும் 5 செ.மீ. தூக்கல் இருக்கட்டும். ரட்டர் சர்வோவை ரிசீவரில் (ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் பெட்டி) நான்காவது சேனலில் செருகாமல் முதல் சேனலில் செருகுங்கள். வலது கட்டைவிரலே திருப்பவும் ஏற்றவும் பழகிவிடும். பிறகு நான்கு சேனலுக்கு மாறும்போது விரலுக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம்.

ரிமோட் வாங்கும்போது மோட் 2 கேளுங்கள். இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (மோட்டார் வேகம்) ரட்டரும், வலதில் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) எய்லரானும் இருக்கும். உங்கள் மைதானத்தில் எல்லோரும் வேறு மோடில் பறக்கவிட்டால் நீங்களும் அதையே எடுங்கள், அவசரத்துக்கு ரிமோட்டை வாங்கிக் காப்பாற்ற ஆள் வேண்டும்.

லிப்போ

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய பொருள் இதுதான். ஒரு செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். 3.5-க்கு வந்தால் இறக்கிவிட வேண்டும். 3.0-க்குக் கீழே போனால் செல் கெட்டது. 2200 எம்.ஏ.எச். பேட்டரிக்கு சார்ஜ் வேகம் 2.2 ஆம்பியர், எப்போதும் பேலன்ஸ் முறையில் (எல்லாச் செல்லையும் சமமாக நிரப்புவது). தரை ஓட்டின் மேலோ மண் தொட்டியிலோ வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் மூடிய காருக்குள் பேட்டரியையும் விமானத்தையும் விட்டுப் போகக் கூடாது. பேட்டரி உப்பும், ஃபோம் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கையோடு பறந்தால் எத்தனை ட்ரிம் போட்டாலும் ஒரு பக்கமே இழுக்கும்.

பொருத்தும்போது நடக்கும் தப்புகள்

முதல் விமானங்கள் பல மேசையிலேயே விழுந்துவிடுகின்றன, அது மைதானத்தில்தான் தெரியவரும்.

சர்வோ கையைத் திருகும் முன் ரிமோட்டைப் போட்டு, எல்லா ட்ரிம்மையும் நடுவில் வைத்து, சர்வோவுக்கு மின்சாரம் கொடுங்கள். அது நடுவுக்கு வந்து நின்ற பிறகு கையை 90 டிகிரியில் மாட்டுங்கள். புஷ்ராடு (சர்வோவையும் பலகையையும் இணைக்கும் கம்பி) சர்வோ கையில் உள்பக்கத் துளையிலும் கன்ட்ரோல் ஹார்னில் (பலகையில் ஒட்டிய கொம்பு) வெளிப்பக்கத் துளையிலும் இருக்கட்டும். அசைவு குறையும், நடுக்கமும் குறையும். எலிவேட்டரும் எய்லரானும் மேலும் கீழும் 10 முதல் 12 மி.மீ. அசைந்தால் போதும், ரட்டர் இரு பக்கமும் 20 மி.மீ. இன்னும் சாந்தமாக வேண்டுமென்றால் ரிமோட்டில் 30 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) போடுங்கள்.

மோட்டார் சுற்றும் திசையைப் பார்க்கும்போது ப்ராப்பைக் கழற்றிவிடுங்கள். பத்து அங்குல ப்ராப் விரலை வெட்டும், அது பேச்சுக்குச் சொல்வதல்ல. திசை தலைகீழாக இருந்தால் மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் முடிந்தது. ப்ராப்பை மாட்டும்போது எழுத்து அச்சிட்ட முகம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பின்முன்னாக மாட்டினாலும் காற்று வரும், சத்தம் வரும், விமானம் மட்டும் ஏறாது. மோட்டார் மாற்ற வேண்டுமோ என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்த பிறகு கண்ணில் படும் தப்பு இது.

முன்னால் மோட்டார் உள்ள விமானம் த்ராட்டில் கொடுத்ததும் இடப்பக்கம் சாயவும் மூக்கைத் தூக்கவும் பார்க்கும். அதற்காக மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கமும் 2, 3 டிகிரி கீழும் பார்க்க வைப்பார்கள். மோட்டாரைப் பொருத்தும் மரத்தட்டில், விமானத்துக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கத் திருகுக்கும் மேல் திருகுக்கும் அடியில் ஒரு வாஷர் வைத்தால் அந்தக் கோணம் வந்துவிடும்.

இறக்கையை உடலில் ஒட்டிவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள், கடைசி இரண்டும் குறுக்காக. மோதினால் இறக்கை நகர்ந்து கொடுக்கும், உடையாது. வெயிலில் ரப்பர் வெடித்துவிடும், மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

சி.ஜி.

சி.ஜி. என்கிற எடை மையத்தை மட்டும் கண்ணளவில் விடக் கூடாது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 28 முதல் 30 சதவீதத்தில் விமானம் சமமாக நிற்க வேண்டும். 20 செ.மீ. அகல இறக்கை என்றால் முன்விளிம்பிலிருந்து 5.6 முதல் 6 செ.மீ. இறக்கைக்கு அடியில், உடலின் இரு பக்கமும், அளவுகோல் வைத்து மார்க்கரால் புள்ளி குத்துங்கள். பேட்டரி, ப்ராப் எல்லாம் மாட்டிய நிலையில் இரண்டு ஆள்காட்டி விரல்களைப் புள்ளியில் கொடுத்துத் தூக்குங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்து நின்றால் சரி. வால் தொங்கினால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். தள்ள இடமே இல்லையென்றால்தான் ஈயம். பேட்டரி நின்ற இடத்தை உள்ளே கோடு போட்டு வையுங்கள், அடுத்த முறை தேட வேண்டாம்.

மூக்குக் கனம் கூடினால் விமானம் மந்தமாகப் பறக்கும், இறங்கும்போது கொஞ்சம் அடிக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் எலிவேட்டரை லேசாகத் தொட்டதும் மூக்கு வானத்துக்குப் போகும், உடனே ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), தொப்பென்று விழும். அதைக் காப்பாற்றுவது பழகினவருக்கே கடினம்.

திரையில் முதலில்

ஐந்து முதல் பத்து மணி நேரம் சிமுலேட்டரில் விழுந்துவிட்டு வாருங்கள், அங்கே விழுந்தால் செலவில்லை. பிகாசிம் இலவசம், ரியல்ஃப்ளைட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. எதுவானாலும் உங்கள் ரிமோட்டையே கேபிள் வழியாகக் கணினியில் செருகிப் பழகுங்கள். போன் திரையில் தேய்த்தால் விரலுக்கு ஸ்டிக்கின் அழுத்தம் தெரியாது. சாகசம் வேண்டாம், உங்களை நோக்கி வரும் விமானத்தைத் திருப்புவதும் தரையிறக்குவதும் மட்டும் நூறு முறை.

இடமும் நேரமும்

150 மீட்டர் நீளமாவது திறந்த வெளி வேண்டும். அறுவடை முடிந்த வயல், வறண்ட ஏரிப் படுகை, வாரநாளில் காலியாக இருக்கும் கல்லூரி மைதானம் எல்லாம் சரி. சீமைக் கருவேலம் சூழ்ந்த ஏரியில் முள்ளுக்குள் போன விமானத்தை எடுப்பதற்குள் இறக்கை சல்லடையாகிவிடும். மின்கம்பி, ரோடு, மேயும் மாடு, ஓடி வரும் பிள்ளைகள் இருக்கும் இடம் ஆகாது. மாஞ்சா நூலில் பட்டம் பறக்கிற மைதானத்தில் ரிமோட்டையே எடுக்காதீர்கள்.

காலை 6 முதல் 8 மணிதான் பழகுகிறவருக்கு உரிய நேரம். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்துவிடும். இலை மட்டும் அசைந்தால் பறக்கலாம், கிளை அசைந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது 800 கிராம் ஃபோம் எம்மாத்திரம்? கோவை, உடுமலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் அந்த மாதங்களைச் சிமுலேட்டருக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. பருந்து வட்டமிட்டால் சற்றுப் பொறுங்கள். சில சமயம் விமானத்தையே வந்து அடிக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் இதற்கும் பொருந்தும். 2 கிலோ வரை எடையுள்ளதை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பச்சையாக உள்ள இடத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்துக்குள் 60 மீட்டர்தான், அதற்கும் உள்ளே என்றால் அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தென்சென்னையின் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும்.

எறியும் முன்

ரிமோட் முதலில், பேட்டரி பிறகு. அணைக்கும்போது பேட்டரி முதலில், ரிமோட் பிறகு. விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள்: ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே வர வேண்டும், வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே, இடது கீழே. எய்லரானை மாற்றி இணைத்துவிட்டு எறிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. முன்னால் நின்று பார்த்ததால் வந்த வினை. தடுமாற்றத்தில் தானே சமன் செய்யும் ஜைரோ ரிசீவர் இருந்தால், விமானத்தைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாயுங்கள். வலது எய்லரான் கீழே இறங்கித் தூக்கப் பார்க்க வேண்டும். தலைகீழாக வேலை செய்யும் ஜைரோவை விட ஜைரோ இல்லாததே மேல்.

பிறகு ஃபெயில்சேஃப், அதாவது ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாடு. ஒருவர் விமானத்தை இறுக்கிப் பிடிக்க, த்ராட்டில் கால்வாசி வைத்து ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிமோட்டில் அதைச் சரிசெய்யாமல் பறக்கக் கூடாது.

அடுத்தது மோட்டார் இல்லாமல் ஒரு சோதனை. உயரமான புல் இருக்கும் பக்கம், காற்றுக்கு எதிராக, 15 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு இடத்தைக் குறிவைத்து, மூக்கு இம்மி தாழ, நேராக விடுங்கள். வழுவழுவென்று மிதந்து போய்ப் புல்லில் படுத்தால் சி.ஜி. சரி. எழும்பி நின்று விழுந்தால் வால் கனம், அல்லது நீங்கள் வேகமாக எறிந்துவிட்டீர்கள். நேரே மண்ணைப் பார்த்துப் போனால் மூக்குக் கனம்.

முதல் பறப்பு

எறிய ஒருவர், ரிமோட்டில் நீங்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்வது பிறகு. டைமரை 6 நிமிடத்துக்கு வையுங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். த்ராட்டில் முக்கால், எறிபவர் ஓடி வந்து விமானத்தைக் கிடைமட்டமாக எறிய வேண்டும். மேல்நோக்கி எறிவதுதான் பொதுவான தப்பு. வேகம் வரும் முன் மூக்கு தூக்கினால் ஸ்டால் ஆகி இடது இறக்கை சரிந்துவிடும். கை விட்டதும் எலிவேட்டரை இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். மனதுக்குள் இரண்டு எண்ணி, வேகம் ஏறிய பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

இரண்டு பனை உயரம் போகும்வரை திருப்பக் கூடாது. அந்த உயரத்தில் த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்து, காற்றுக்கு எதிரே நேராக்கி, ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் ட்ரிம் இரண்டு க்ளிக், மறுபடி விட்டுப் பாருங்கள். நான்கைந்து முறை செய்தால் கையில்லாமல் பத்து விநாடி நேராகப் போகும். முதல் பறப்பில் இதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இறங்கிய பின் எலிவேட்டர் எங்கே நிற்கிறதோ அதே இடத்தில் நிற்கும்படி புஷ்ராடை முறுக்கி நீளத்தை மாற்றி, ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

திருப்புவது இப்படி. ஸ்டிக்கை லேசாக ஒரு பக்கம் தொட்டு, 20 டிகிரி சாய்ந்ததும் நடுவுக்கு விட்டுவிட வேண்டும். சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தும், எலிவேட்டரைத் துளி இழுத்தால் வட்டமாக வரும். போதுமென்றால் எதிர்ப்பக்கம் தொட்டு நேராக்குங்கள். ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சாய்வு கூடிக்கொண்டே போகும், மூக்கு கீழே போகும், வேகம் ஏறும். அப்போது பயந்து எலிவேட்டரை இழுத்தால் சுருள் இன்னும் இறுகும், ஏறவே ஏறாது. த்ராட்டிலைப் பூஜ்யம் ஆக்குங்கள், இறக்கையை நேராக்குங்கள், அதன் பிறகுதான் எலிவேட்டர். இந்த வரிசை மாறக் கூடாது.

விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், தாழ்ந்ததற்கு முட்டுக் கொடுப்பது போல. யோசிக்காமல் நேராகிவிடும். திசையே புரியவில்லையா? த்ராட்டிலைக் குறைத்து ஸ்டிக்குகளை விட்டுவிடுங்கள். டைஹீட்ரல் உங்கள் வேலையைச் செய்யும்.

எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே பறக்கவிடுங்கள். காற்று போகும் பக்கம் விட்டால் ஒவ்வொரு வட்டத்துக்கும் தள்ளிக்கொண்டே போய், கண்ணுக்குப் புள்ளியாகிவிடும். தலைக்கு மேலும் சூரியனுக்குக் குறுக்கேயும் வேண்டாம்.

இறக்குவது

பேட்டரி பாதி இருக்கும்போதே முயற்சி செய்யுங்கள், நாலைந்து தடவை தவறவிட நேரம் வேண்டும். முதலில் உயரத்திலேயே த்ராட்டிலை மூடி, விமானம் எவ்வளவு சரிவில் இறங்குகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றோடு உங்களைத் தாண்டிப் போய், சுற்றித் திரும்பி, காற்றுக்கு எதிராக வாருங்கள். இறங்கும் வேகம் த்ராட்டிலின் வேலை. எட்டவில்லையென்றால் த்ராட்டில் கொஞ்சம் கொடுங்கள். மூக்கைத் தூக்கி நீட்டப் பார்த்தால் மூன்று மீட்டர் உயரத்தில் ஸ்டால் ஆகும், உடைவது பெரும்பாலும் இங்கேதான். இடுப்பளவு உயரம் வந்ததும் த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுத்துப் பிடித்திருங்கள். கோணம் பிசகினால் தலையுயரத்துக்கு மேலேயே முடிவெடுத்து, த்ராட்டில் முழுதாகக் கொடுத்து நேராக ஏறிவிடுங்கள். தாழ்வாக இருக்கும்போது திருப்பக் கூடாது.

இறக்கியதும் செல் வோல்ட்டை அளந்து பாருங்கள். 6 நிமிடத்தில் 3.8-க்கு மேல் இருந்தால் டைமரை 8 ஆக்கலாம்.

விழுந்தால்

தரையில் படும் முன்பே த்ராட்டில் பூஜ்யம். சிக்கிய ப்ராப்பைச் சுழற்ற முயலும் மோட்டார் ஈ.எஸ்.சி.யைப் பொசுக்கிவிடும். ஓடிப் போய் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அது நசுங்கியிருந்தால் வண்டியில் போடாமல் அரை மணி நேரம் வெறும் மண்ணில் வைத்துக் காத்திருங்கள். புகை தாமதமாகவும் வரும்.

ஈ.பி.ஓ. (வளைந்து கொடுக்கும் வகை) ஃபோமில் விழுந்த பள்ளத்தின் மேல் கொதிநீரை ஊற்றினால் பெரும்பாலும் உப்பி வந்துவிடும். உடைந்த இடத்தைச் சூட்டுப் பசையால் ஒட்டி, மேலே ஃபைபர் டேப் சுற்றுங்கள். தெர்மாகோலாக இருந்தால் சாதாரண சூப்பர் க்ளூ அதையே கரைத்துவிடும், ஃபோமுக்கான பசை கேட்டு வாங்குங்கள். ப்ராப்பில் விளிம்பு தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ ஒட்டாமல் எறிந்துவிடுங்கள்.

மோட்டார் தட்டு கோணல் ஆகியிருக்கிறதா, சர்வோ பல் வழுக்குகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஒட்டிய பசைக்கும் எடை உண்டு, வாலில் 10 கிராம் கூடினாலே எடை மையம் பின்னால் போயிருக்கும். அதனால் மறுபடி விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, மறுபடி புல் மேல் ஒரு முறை மிதக்கவிட்டு, அதன் பிறகு மோட்டாரைப் போடுங்கள்.